ரசமட்டத்தைத் திருப்பி வைக்காதவர்

மலை ஏறியவர் மாமா. இவர் கூடப் போனவர். இந்த வித்தியாசத்தைக் கண்ணாடிக்கடைக்காரர் ஒருநாளும் மறந்ததில்லை. "இரட்டைக் கொம்பு உச்சிக்கு முதல்ல போனது நீங்கதானே?" என்று கடைக்கு வருகிறவர்கள் யாராவது கேட்டால், "ரெண்டாவதா போனவன்" என்பார். "மொத்தமே ரெண்டு பேர்தானே போனீங்க?" என்று அவர்கள் சிரிப்பார்கள். இவரும் சிரித்துக்கொண்டே அவர்கள் மூக்கில் லென்ஸ் மாற்றிப் பார்க்கும் சோதனைச் சட்டத்தை மாட்டி, கடைசி வரியைப் படிக்கச் சொல்லுவார்.

மாமா என்றால் அக்காவின் கணவர். லிஃப்ட் மெக்கானிக். வேலை செய்த இடமெல்லாம் அவருக்கு ஒரே பெயர்தான்: படிக்கட்டு. லிஃப்டைப் பழுது பார்ப்பாரே தவிர அதில் ஏறமாட்டார். எட்டு மாடியோ பன்னிரண்டு மாடியோ, கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்துதான் ஏறுவார். மலைக்காக மூச்சைப் பழக்குகிறாராம். அவர் மலைக்குப் போகிற கதை குடியிருப்பவர்களுக்குத் தெரியுமா? ரிப்பேர் செய்த ஆளே ஏறாத லிஃப்ட் என்று அவர்கள் வயிற்றில் புளியைக் கரைத்தது. கம்பெனிக்குப் புகார்கள் போயின. மேனேஜர் கூப்பிட்டு விசாரித்தார்.

"ஏன்யா, நீ பார்த்த லிஃப்ட்டு மேல உனக்கே நம்பிக்கை இல்லையா?"

"லிஃப்ட்டு மேல இருக்கு சார். என் காலு மேலதான் இன்னும் வரலை."

அதன் பிறகு ஓர் உத்தரவு வந்தது. ஒவ்வொரு ரிப்பேருக்குப் பின்னும் குடியிருப்பவர்கள் பார்க்க ஒருமுறை லிஃப்டில் மேலே போய்க் காட்டவேண்டும். மாமா அப்படியே செய்தார். லிஃப்டில் மேலே போய்க் கைகாட்டுவார், படியில் இறங்குவார், விட்டுப்போன ஏற்றத்துக்கு ஈடாக மறுபடியும் படியில் ஏறுவார். பெயர் நிலைத்துவிட்டது.

நகரத்தின் மிக உயரமான கட்டிடத்தில், மொட்டை மாடிக்கு மேல் இருந்த மோட்டார் அறையின் ஜன்னல் வழியாகத்தான் அவர் அந்த மலையை முதலில் பார்த்தாராம். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கொம்புகள், வருஷத்தில் எட்டு மாதம் பனி. கையில் கிரீஸோடு அரைமணி நேரம் நின்றிருக்கிறார். கீழே ஐந்தாம் மாடியில் ஒரு பல் டாக்டர் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு கத்திக்கொண்டிருந்தது காதிலேயே விழவில்லை.

அந்த ஊரில் அப்போது மலையேறும் சங்கம் கிடையாது, பயிற்சி கிடையாது, சாமான் விற்கும் கடையும் கிடையாது. மாமா எல்லாவற்றையும் தானே செய்துகொண்டார். பாறையில் அடிக்கும் ஆணிகளைப் பட்டறையில் சொல்லி அடித்து வாங்கினார். இடுப்புப் பட்டை ஜன்னல் துடைப்பவர்களிடம் கடனாக வாங்கியது. கூடாரம் அக்கா தைத்தது. அக்கா திரைச்சீலைத் தையல்காரி. ஒரு ஹோட்டலுக்குத் தைத்ததில் மிச்சப்பட்ட கெட்டித் துணியில்தான் அது உருவாயிற்று. ஆகவே இரட்டைக் கொம்பின் அடிவாரத்தில் எழுந்த முதல் கூடாரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் பூக்கள் பூத்திருந்தன.

துணைக்கு ஏன் தன்னைக் கூப்பிட்டார் என்று கண்ணாடிக்கடைக்காரர் ஒருமுறை கேட்டார். உன் துணிச்சல், உன் நிதானம் என்று ஏதாவது வரும் என்ற ஆசை.

"நீ ஒல்லி மாப்ள. விழுந்தா இழுத்துடலாம்."

பயிற்சி ஞாயிற்றுக்கிழமைகளில், மாமா வேலை பார்த்த ஒரு பன்னிரண்டு மாடிக் கட்டிடத்தின் படிக்கட்டுக் கிணற்றில் நடந்தது. மேல் கைப்பிடியில் கயிற்றைக் கட்டி, நடுவெளியில் தொங்கி, ஒவ்வொரு தளமாக இறங்கவேண்டும். மூன்றாவது ஞாயிறு நாலாம் மாடி அம்மாள் குப்பைக்கூடையோடு கதவைத் திறந்தார். அந்தரத்தில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்த கண்ணாடிக்கடைக்காரர் மரியாதையாக, "வணக்கம்மா, உங்க கண்ணாடி இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார். அந்த அம்மாள் அவருடைய வாடிக்கையாளர். தீயணைப்பு வண்டி வந்தது. அந்த அம்மாள் அதற்குப் பிறகு வேறு கடைக்குப் போக ஆரம்பித்தார்.

மலைக்கு மூன்று தடவை போனார்கள். முதல் தடவை கண்ணாடிக்கடைக்காரரின் பூட்ஸ் வாயைப் பிளந்ததால் திரும்பினார்கள். இரண்டாம் தடவை ஸ்டவ் அடைப்பைக் குத்தி எடுக்கும் ஊசியை இவர் வீட்டு மேசையிலேயே வைத்துவிட்டு வந்ததால் திரும்பினார்கள். மாமா திட்டவில்லை. இறங்கும் வழியெல்லாம் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தார். திட்டியிருந்தால் தேவலை என்று இவருக்கு இருந்தது.

மூன்றாம் தடவை உச்சிவரை போனார்கள். அதற்குள்தான் இந்தக் கதையின் வினை இருக்கிறது.

பனியில் வெளிச்சம் கண்ணைக் குத்திவிடும் என்று கண்ணாடிக்கடைக்காரர் இரண்டு ஜோடிக் கறுப்புக் கண்ணாடி செய்திருந்தார். வெல்டிங் செய்பவர்களின் கண்ணாடித் துண்டு, ஓரம் முழுக்கத் தோல். அவர் வாழ்க்கையில் செய்ததிலேயே நல்ல வேலை அதுதான். உச்சிக்குப் போகிற நாள் காலையில், ஒரு சரிவில் மூச்சு வாங்க உட்கார்ந்தபோது, தன் கண்ணாடியில் ஒரு துளி ஈரம் இருப்பதைப் பார்த்தார். கண்ணாடியில் அழுக்கைப் பார்த்துச் சும்மா இருக்க அவரால் முடியாது. அது தொழில் புத்தி. கழற்றினார், ஊதினார், கைக்குட்டையால் துடைத்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், திருப்தியாயிற்று. கைக்குட்டையை மடித்து உள்ளே வைக்க ஒரு நொடி கண்ணாடியைப் பனியில் வைத்தார். பளபளவென்று துடைத்த கண்ணாடி சரிவில் பளபளவென்று வழுக்கிக்கொண்டே போயிற்று.

மாமா அதைப் பார்த்தார். பிறகு தன்னுடையதைக் கழற்றி நீட்டினார்.

"போட்டுக்க. உனக்குக் கண்ணுதான் பொழப்பு. எனக்குக் கை போதும்."

"வேணாம் மாமா..."

"போடுடா. மறுபடி துடைக்காத."

மாமா மஃப்ளரைக் கண்மேல் சுற்றி, நடுவில் ஒரு கீற்று விட்டுக்கொண்டு ஏறினார். நண்பகலில் வலது கொம்பின் உச்சிக்கு வந்தபோது அவர் கண்கள் வீங்கித் தண்ணீராய்க் கொட்டிக்கொண்டிருந்தன. உச்சி என்பது ஒரு கட்டில் அகலம். எதிரே, கத்தி முனை மாதிரியான ஒரு வரப்புக்கு அப்பால், இடது கொம்பு. நகரத்திலிருந்து பார்த்தால் வலதுதான் ஒரு பொட்டு உயரம். வரைபடத்தில் இரண்டுக்கும் சேர்த்து ஒரே எண்தான் போட்டிருந்தது. பக்கத்தில் வந்து பார்த்தால் இரண்டும் தோளோடு தோள் நிற்பதுபோல் இருந்தன.

மாமா பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்தார். நடுவில் கண்ணாடிக் குழாய், அதற்குள் நீர், நீருக்குள் குமிழி. குமிழி நடுக்கோடுகளுக்குள் நின்றால் கட்டை சமமாக இருக்கிறது என்று அர்த்தம். லிஃப்ட் தண்டவாளம் பொருத்தும்போது வைத்துப் பார்க்கிற ஒரு முழ நீளக் கட்டை. அத்தனை கனத்தை அதுவரை அவர் சுமந்துவந்ததே இவருக்குத் தெரியாது.

"எனக்குக் கண்ணு அவுட்டு. நீ பாரு. கல்லு மேல வச்சு, கீழ எதையாவது முட்டுக் கொடுத்து, குமிழியை நடுவுக்குக் கொண்டா."

கொண்டுவந்தார்.

"இப்ப மேல் விளிம்போட கண்ணை வச்சு அந்தக் கொம்பைப் பாரு. விளிம்புக்கு மேல தெரியுதா, மறைஞ்சு போவுதா?"

மேலே தெரிந்தது. ஒரு நகக்கீற்று அளவு, ஆனால் தெரிந்தது. எதிர்க் கொம்புதான் உயரம். மாமா அதற்காகத்தானே நாலு வருஷம் படியேறினார். சொன்னால் போகலாம் என்பார், சந்தேகமே இல்லை. கத்தி வரப்பில் நாலு மணி நேரம். கண்ணாடிக்கடைக்காரரின் கால் விரல்கள் ஒரு மணி நேரமாக அவருக்குச் சொந்தமில்லாதவை மாதிரி இருந்தன. அக்காவை நினைத்தார் என்று பிற்காலத்தில் தனக்குத் தானே சொல்லிக்கொள்வார். உண்மையில் நினைத்தது சுடுதண்ணீரை.

"மறைஞ்சு போவுது மாமா. இதுதான் உயரம். இறங்கலாம்."

மாமா கீழே உட்கார்ந்தார். பாறையை, லிஃப்ட் பெட்டி தளத்தோடு சரியாக வந்து நிற்கும்போது அதை எப்போதும் தட்டிக்கொடுப்பாரே, அதே மாதிரி இரண்டு தட்டுத் தட்டினார். அந்த வீங்கின கண்ணோடு சிரித்தார்.

இறங்க இரண்டு நாளாயிற்று. கண் தெரியாத மாமாவைக் கயிற்றில் கட்டி, "வலது காலு... இன்னும் கீழ... அங்கதான்" என்று இவர் இறக்கிக் கொண்டுவந்தார். பத்திரிகைகள் அதைப் பெரிதாக எழுதின: கண்ணிழந்த தலைவரைக் காத்த வீரர். போட்டோவும் போட்டார்கள். போட்டோவில் மாமா கட்டுப்போட்ட கண்ணோடு கேமராவைப் பார்க்கிறார். வீரர் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார்.

ஒரு வாரத்தில் மாமாவின் பார்வை திரும்பியது. அடுத்த வருஷம் நாலு பேரை வைத்துச் சங்கம் ஆரம்பித்தார். சங்கம் வளர்ந்தது. வலது கொம்புக்குப் பாதை வந்தது, செங்குத்தான இடங்களில் இரும்பு ஏணிகள் வந்தன, பள்ளிப் பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டு போய்வந்தார்கள். இடது கொம்பை யாரும் சீண்டவில்லை. உயரம் குறைந்தது என்று முடிவாகிவிட்ட இடத்துக்கு எவன் போவான்? முடிவு செய்தவர் கடையில் உட்கார்ந்து மற்றவர்களின் பார்வையைத் திருத்திக்கொண்டிருந்தார். எந்தக் கூட்டத்திலும் மாமா தவறாமல் ஒன்று சொல்வார்: "அன்னிக்கு என் மாப்ள கண்ணுதான் எனக்குக் கண்ணு." கூட்டம் கைதட்டும். இவர் தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்.

இருபத்தைந்தாம் வருஷம் உச்சியில் ஒரு செப்புப் பலகை பதிக்கப்போவதாகச் சங்கம் அறிவித்தது. இம்மலையின் மிக உயர்ந்த முகட்டை முதன்முதலில் தொட்டவர்கள் என்று அதில் இருக்குமாம். செம்பில் அடித்தால் அழியாது. கண்ணாடிக்கடைக்காரருக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வாரம் மாமா கடைக்கு வந்தார். கண்புரை எடுத்திருந்தார், புதுக் கண்ணாடி வேண்டும். நாற்காலியில் உட்கார வைத்து, சோதனைச் சட்டத்தை மாட்டி, ஒரு கண்ணை மறைத்து, எழுத்துப் பலகையின் விளக்கைப் போட்டார். எதிரே இருப்பவர் எழுந்து ஓட முடியாத நேரம் அது ஒன்றுதான்.

"மாமா, அன்னிக்கு மேல... அந்தக் கொம்பு விளிம்புக்கு மேல தெரிஞ்சுது. நான் மறைஞ்சு போவுதுன்னு சொன்னேன்."

"எந்த வரி படிக்கணும்?"

"மாமா. நான் பொய் சொன்னேன். குளிருச்சு. இறங்கணும்னுதான் அப்படிச் சொன்னேன்."

மாமாவின் ஒரு கண் மறைந்து, ஒரு கண் லென்ஸுக்குப் பின்னால் பெரிதாகத் தெரிந்தது. அந்தக் கண் இவரையே பார்த்தது. ஒரு வாடிக்கையாளர் கதவைத் திறந்து, உள்ளே இருந்த முகங்களைப் பார்த்து, திரும்பப் போய்விட்டார்.

"திருப்பி வச்சியா?" என்றார் மாமா.

"என்னது?"

"ரசமட்டத்தை. ஒரு தடவை பார்த்துட்டு, முனையை மாத்தி, திருப்பி வச்சு இன்னொரு தடவை பார்த்தியா?"

"இல்ல. ஒரு தடவைதான் பார்த்தேன். திருப்பணும்னு நீங்க சொல்லலையே."

"அதை யாரு சொல்லுவா? மூச்சு விடுன்னு யாராவது சொல்லுவாங்களா?" மாமா சட்டத்தைக் கழற்றி வைத்தார். "எங்க வேலையில எவனும் ஒரு தடவை பார்த்துட்டு எந்திரிக்க மாட்டான். கட்டையே கோணலா இருக்கும்டா. திருப்பி வச்சாதான் தப்பு எவ்வளவுன்னு தெரியும். ரெண்டுக்கும் நடுவுல இருக்கிறதுதான் நிஜம்."

இரண்டு பேரும் மாமா வீட்டுக்குப் போய் ரசமட்டத்தைக் கொண்டுவந்தார்கள். கடையின் கண்ணாடி மேசைமேல் வைத்தார்கள். குமிழி நடுவில் நின்றது. முனையை மாற்றி வைத்தார்கள். குமிழி நடுவை விட்டுக் கோட்டைத் தாண்டி ஓரமாய்ப் போய் நின்றது.

"பாரு. இது அப்பவே கோணல்தான். நான் எப்பவும் திருப்பித் திருப்பிப் பார்க்கிறவன், அதனால சரி பண்ணலை." மாமா மேசைமேல் சாய்ந்துகொண்டு யோசித்தார். "அன்னிக்கு எந்த முனை உன் பக்கம் இருந்துச்சு?"

"ஞாபகம் இல்ல மாமா."

"அப்ப உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நீ பொய் சொல்லியிருக்கலாம். இல்லேன்னா பொய் சொல்றதா நினைச்சுக்கிட்டு நிஜத்தைச் சொல்லித் தொலைச்சிருக்கலாம். இருபத்தஞ்சு வருஷமா முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு அலைஞ்சியே, உருப்படியா ஒரு பொய்யாவது சொன்னியான்னு உனக்கே உறுதியா தெரியலையேடா!"

சிரித்தார். ஆனால் எழுந்து போகும்போது, கதவருகில் நின்று, சிரிக்காமல் ஒன்று சொன்னார்: "கேட்டிருந்தா இறங்கியிருப்பேன் மாப்ள. குளிருதுன்னு சொல்லியிருந்தா போதும்." கண்ணாடிக்கடைக்காரர் அன்று கடையைச் சாத்திவிட்டு வெகுநேரம் எழுத்துப் பலகையின் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

அக்காவுக்கும் விஷயம் போயிற்று. "இதையா இத்தனை வருஷமா உள்ள வச்சிருந்த? நான் உனக்கு வயித்துல புண்ணுன்னு நினைச்சு மோரா ஊத்திக்கிட்டிருந்தேனே!"

மாமா சங்கத்துக்குக் கடிதம் எழுதினார்: முகட்டின் உயரம் சரிபார்க்கப்படவில்லை, பலகையை நிறுத்திவைக்கவும். சங்கத்துக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. பெரியவர் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். அடுத்த கோடையில் இரண்டு பேரும் மறுபடி போய் அளப்பது என்று ஏற்பாடு. மாமா மறுபடியும் படியேற ஆரம்பித்தார்.

கோடைக்கு முன்னால் நெஞ்சில் சளி கட்டிப் படுத்தார். ஆஸ்பத்திரியில் ஆறாம் மாடி. ஒன்பதாம் நாள் விடியலில் போய்விட்டார்.

கீழே கொண்டுபோகத் தள்ளுகட்டிலை லிஃப்டுக்குள் ஏற்றினார்கள். வேறு வழியில்லை. அக்கா கூடவே உள்ளே போனாள். "வாடா" என்றாள். கண்ணாடிக்கடைக்காரர் தலையை ஆட்டிவிட்டுப் படிக்கட்டுக்குப் போனார். ஆறு மாடியும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, இரண்டிரண்டு படியாக, ஐம்பத்தெட்டு வயதில் ஓடினார். மாமாவுக்காக யாராவது ஒருவர் நடக்கவேண்டும் என்று தோன்றியது. லிஃப்ட் முன்னாலேயே வந்துவிட்டிருந்தது. தளத்தோடு மட்டமாக, விரல் வித்தியாசமில்லாமல் நின்றிருந்தது. மாமாவாக இருந்தால் தட்டிக்கொடுத்திருப்பார். இவர் தட்டிக்கொடுத்தார்.

கோடை வந்ததும் அக்காவே கேட்டாள்.

"எப்ப போறோம்?"

"போறோமா? உனக்கு அறுபத்திரண்டு வயசுக்கா."

"ஏணி போட்டிருக்காங்கல்ல? நான் தச்ச கூடாரம் அங்க ரெண்டு நாள் இருந்திருக்கு. நான் ஒரு நாள் இருந்தா என்ன?"

போனார்கள். மாமாவின் ஜாக்கெட்டை அக்கா போட்டிருந்தாள். கை இரண்டு மடிப்பு. ரசமட்டத்தை மஞ்சள் பூத் துணியில் சுற்றி இவர் சுமந்தார். அன்றைக்கு நாலு நாள் எடுத்த வழி இப்போது ஒன்றரை நாள். ஏணிகளில் இவர்களைத் தாண்டிப் பள்ளிக்கூடக் கூட்டம் ஒன்று போயிற்று. "மெதுவா வாங்க தாத்தா" என்று ஒரு பெண் குழந்தை தைரியம் சொன்னது. இந்தப் பாதையைத் திறந்த இருவரில் நான் ஒருவன் என்று சொல்ல வாயெடுத்தார், மூச்சு வரவில்லை.

உச்சியில் கூட்டம் இறங்கும்வரை காத்திருந்தார்கள். பிறகு கண்ணாடிக்கடைக்காரர் வேலையை ஆரம்பித்தார். தன் கண்ணை அவர் நம்பத் தயாரில்லை. அது ஒருமுறை கைவரிசை காட்டிய கண். கடையில் பார்வை சோதிக்கும் ஊசித்துளை அட்டையை ரசமட்டத்தின் கிட்ட முனையில் ஒட்டினார். தூர முனையில் மில்லிமீட்டர் அளவுகோலை நிமிர்த்தி ஒட்டினார். துளை இருக்கிற உயரம் அளவுகோலில் பத்து. எதிர்க் கொம்பின் நுனி பத்துக்கு மேல் தெரிந்தால் அது உயரம், கீழே தெரிந்தால் இது உயரம். இதை அக்காவிடம் சொல்லவில்லை. தெரியாவிட்டால் பொய் சொல்ல வழியில்லையே.

குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்தார். "துளை வழியா பாருக்கா. கொம்பு நுனி எந்த எண்ணுல இருக்கு?"

அக்கா குப்புறப் படுத்துப் பார்த்தாள். துணி அளந்தே பழகிய கண். "பத்தரை."

கண்ணாடிக்கடைக்காரர் பென்சிலை எடுத்தார். பத்தரை. மேலே. அன்று பார்த்த அதே நகக்கீற்று. எழுதிக்கொண்டார். ரசமட்டத்தின் முனையை மாற்றித் திருப்பி வைத்து, அட்டையையும் அளவுகோலையும் இடம் மாற்றி ஒட்டி, குமிழியை மறுபடி நடுவுக்குக் கொண்டுவந்தார்.

"இப்ப?"

"எட்டரை."

"சரியா பாருக்கா."

"எட்டரைதான்டா. அரை விரக்கடை தப்பா வெட்டினா கஸ்டமர் விடுவாங்களா?"

கூட்டி இரண்டால் வகுத்தார். ஒன்பதரை. பத்துக்குக் கீழே. அரை மில்லிமீட்டர், அங்கே அது ஒரு முழம், ஒன்றரை முழம் இருக்கலாம். இந்தக் கொம்புதான் உயரம். மாமா தட்டின பாறைதான் உச்சி. தன் வாழ்நாளில் துணிந்து சொன்ன ஒரே பெரிய பொய், உண்மையாக இருந்து தொலைத்திருக்கிறது. இதைச் சொல்லிச் சிரிக்கவேண்டிய ஆளைத் தவிர உலகத்தில் எல்லோரும் கீழே இருந்தார்கள்.

"என்னடா எழுதிக்கிட்டே இருக்க? எதுதான் உயரம்?"

"இதுதான்க்கா உயரம். இறங்கலாம்."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. ஒரு சொல் மாறாமல் அன்று சொன்னதே.

அக்கா எழுந்து உட்கார்ந்து, கணக்கு எழுதின காகிதத்தைப் பார்க்காமல், அவர் முகத்தைப் பார்த்தாள்.

"நிஜமாவா? இல்ல காலு மரத்துப் போச்சா?"

"நிஜமாத்தான். காலும் மரத்துத்தான் போச்சு."

"உங்க மாமா இருந்தா என்ன சொல்லுவாரு?"

அவர் எதிர்க் கொம்பைப் பார்த்தார். கறுப்புக் கண்ணாடிக்குள் ஈரம். கழற்றித் துடைக்கக் கை போயிற்று; நிறுத்திக்கொண்டார்.

"இன்னொரு தடவை பார்க்கச் சொல்லுவாரு."

"அப்ப திருப்பு" என்று அக்கா மறுபடி குப்புறப் படுத்தாள்.

கண்ணாடிக்கடைக்காரர் கையுறையைக் கழற்றினார், பாறைமேல் மண்டியிட்டார், ரசமட்டத்தைத் திருப்பி வைத்தார்.